பேட்டை ஆசாரி செய்த ஜெட்

1. செவ்வாய்க்கிழமை மாலை மோட்டார் சைக்கிளின் கார்புரேட்டரைக் கழற்றி, ஜெட்டை அதன் தாங்கியோடு சேர்த்து ஸ்பிரிட் தட்டில் போட்டேன். மறுநாள் கொண்டுபோக வேண்டிய கத்தரி, ஊசி, இடுக்கி எல்லாம் அதே தட்டில் கிடந்தன.

2. புதன்கிழமை காலை ஐந்தரைக்கு எல்லாவற்றையும் துடைத்து, ஜெட்டைத் திரும்ப மாட்டினேன். ஆறு மணிக்கு டாக்டரம்மா வண்டியை எடுத்தார். நான் மருந்துப் பெட்டியோடு பக்கவண்டியில் உட்கார்ந்தேன்.

3. பேட்டையைத் தாண்டியதும் எஞ்சின் தும்ம ஆரம்பித்தது.

4. சுத்தமல்லிக்கு இன்னும் ஒரு மைல் இருக்கும்போது, கோடகன் கால்வாய் ஓரத்தில் நின்றுவிட்டது.

5. ஜெட்டைக் கழற்றினோம். துளையில் செம்பழுப்பு நிறத்தில் பிசின்போல ஏதோ அடைத்திருந்தது.

6. டாக்டரம்மா அதை நகத்தால் சுரண்டிப் பார்த்து, "இது அரக்கு அல்லவா?" என்று கேட்டார். நான், "ஆமாம், ஆசாரி பட்டறை அரக்குதான்" என்றேன்.

7. அந்த வழியாக வந்த மாட்டு வண்டிக்காரர் ஒருவர், வண்டியைக் கயிற்றில் கட்டி இழுத்துவந்தார். பேட்டைக் கடைத்தெரு வழியாகவே வந்தோம்.

8. முக்கூடல் போகவில்லை.

அன்று மாலை என் குறிப்பேட்டில் எழுதியது இவ்வளவுதான். எட்டு வரிகள். காரணம் முதல் வரியிலேயே இருந்தது. அதைக் கண்டுகொள்ள எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. கண்டபின் வாய்திறந்து சொல்ல இன்னும் ஒரு நாள் ஆயிற்று. அந்த ஒரு நாளைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

அந்த ஜெட் இப்போதும் என்னிடம் இருக்கிறது. மாத்திரை போடும் சிறு குப்பியில், பஞ்சின் மேல் வைத்திருக்கிறேன். மூக்குத்தித் திருகாணியைவிடக் கொஞ்சம் பெரிது. பித்தளை. கீழ்ப்பாதியில் திருகு வெட்டியிருக்கும். மேல்முனையில் தையல் ஊசியின் நுனி மட்டும் நுழையக்கூடிய துளை. பெட்ரோல் அந்தத் துளை வழியாகத்தான் பீறிட்டுக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குள் போகும். அதைச் செய்தவர் பேட்டையில் நகைவேலை செய்யும் ஆசாரி.

ஐரோப்பாவில் சண்டை தொடங்கி, சீமையிலிருந்து வர வேண்டிய சாமான்கள் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாமலிருந்த காலம் அது. பாளையங்கோட்டையில் பெண்களுக்கான மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் நான் கம்பவுண்டராக இருந்தேன். பயிற்சி முடித்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. டாக்டரம்மா சீமையிலிருந்து வந்தவர். முன்ஷியிடம் தமிழ் படித்தவர் என்பதால் காய்ச்சலுக்கு மருந்து சொல்லும்போதும் செய்யுள் வாசிப்பதுபோல இருக்கும். பக்கவண்டி பூட்டிய மோட்டார் சைக்கிள் ஒன்று அவரிடம் இருந்தது. ஊரில் அதை வெடிவண்டி என்பார்கள். ஒவ்வொரு புதன்கிழமையும் அதில் ஆற்றின் வடகரை வழியாக முக்கூடல் போய், ஒரு வாடகை வீட்டில் மருந்து கொடுத்துவிட்டு, இருட்டுவதற்குள் திரும்புவோம். மாட்டு வண்டியில் போனால் போக ஒரு நாள், வர ஒரு நாள். ஆஸ்பத்திரியில் இருந்ததோ ஒரே டாக்டர். வண்டி ஓடினால்தான் முக்கூடலுக்குப் புதன்கிழமை உண்டு.

அந்த வண்டியின் சைலன்சர் கெட்டுப்போனது. எஞ்சினிலிருந்து எரிந்து வரும் புகை, குழாய் வழியாக ஓர் இரும்புக் குடுவைக்குள் போய், சிறுசிறு துளைகளால் வெளியே வரும். சத்தத்தை அடக்குவதற்கான ஏற்பாடு. அதன் துளைகளில் பாதியைக் கரி அடைத்துவிட்டது. மீதியைத் துரு தின்றது. ஆற்றுப்பாலத்தின் ஏற்றத்தில் என்னையும் மருந்துப் பெட்டியையும் இழுக்க முடியாமல் வண்டி திணறும். நான் இறங்கி நடப்பேன். டாக்டரம்மா சென்னைக்கு எழுதி, அகலமான குழாயும் பெரிய குடுவையும் கொண்ட புதிய சைலன்சர் ஒன்றை ரயில் பார்சலில் வரவழைத்தார். ஆஸ்பத்திரிக் கொட்டகையில் நாங்கள் இருவருமே அதை மாட்டினோம். சத்தம் கனத்து, பதமாகிவிட்டது. ஆனால் வண்டியின் வலு முன்பைவிடக் குறைந்தது. விசையைக் கூட்டினால் கார்புரேட்டர் வழியாகத் தும்மியது. சிலிண்டர் தொட முடியாதபடி கொதித்தது. பிளக்கைக் கழற்றினால் முனை சுண்ணாம்பு பூசியதுபோல வெளுத்திருந்தது.

டாக்டரம்மாவிடம் இருந்த புத்தகத்தில் காரணம் இருந்தது. அடைபட்ட சைலன்சர் இதுவரை எஞ்சினின் மூச்சைப் பிடித்து வைத்திருந்தது. இப்போது எரிந்த புகை தடையில்லாமல் வெளியேறுகிறது. அதனால் உள்ளே புதுக்காற்று அதிகமாக வருகிறது. காற்று கூடினால் அதற்கேற்ற பெட்ரோலும் கூட வேண்டும். கூடாவிட்டால் கலவை நீர்த்துப்போகும். நீர்த்த கலவை மெதுவாக எரியும், எஞ்சினைச் சுடவைக்கும், கடைசியில் வால்வைத் தின்றுவிடும். புகைக்குழாயை மாற்றியவர் அதோடு நிறுத்த முடியாது என்பதுதான் அதன் சாரம்.

நான் ஒரு பட்டியல் போட்டேன். முதலில், குழாய் எஞ்சினோடு சேரும் மூட்டுகளில் காற்று கசிகிறதா என்று பார்ப்பது. கசிவும் இதே அறிகுறிகளைக் காட்டும். சோப்புத் தண்ணீர் பூசிப் பார்த்தோம், கசிவு இல்லை. அடுத்து, வால்வின் இடைவெளி. மருந்துச் சீட்டு ஒன்றை மடிக்காமல் நுழைத்தால் லேசாகப் பிடிக்க வேண்டும், பிடித்தது. மூன்றாவது, தீப்பொறி விழும் நேரம். லீவரைக் கொஞ்சம் முன்னால் தள்ளி ஓட்டிப் பார்த்தோம். சூடு சற்றுத் தணிந்தது, வலு வரவில்லை. நான்காவது, காற்று லீவரை மூடி ஓட்டுவது. மெதுவாகப் போகும்போது சரியாக இருந்தது, ஏற்றத்தில் போதவில்லை. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவது என்பதில் நான் கண்டிப்பாக இருந்தேன். மூன்று மருந்தைச் சேர்த்துக் கொடுத்துக் காய்ச்சல் நின்றால், எது நிறுத்தியது என்று தெரியாமல் போய்விடும். பட்டியலில் மிஞ்சியது ஜெட் ஒன்றுதான். பெரிய துளை உள்ள ஜெட் வேண்டும். சென்னையில் இல்லை. சீமைக்கு எழுதினால் எந்த மாதம் வரும் என்று சொல்வதற்கில்லை.

ஆசாரியை எனக்கு முன்பே தெரியும். மருந்து நிறுக்கும் தராசின் முள் கோணினால் அவரிடம்தான் கொண்டுபோவேன். முப்பத்தைந்து வயது இருக்கும். குள்ளம், கைவிரல்கள் மட்டும் நீளம். அவர் குன்றிமணிக் கணக்கில் நிறுப்பார், நான் கிரெய்ன் கணக்கில் நிறுப்பேன். போகும்போதெல்லாம் இதில் ஒரு வம்பு உண்டு. "உங்க கணக்குல சாவுதவன் பொழைப்பான், எங்க கணக்குல பொழைக்கவன் கல்யாணம் பண்ணுவான். ரெண்டும் எப்படித் தாயி ஒத்துப்போவும்?" என்பார்.

நாங்கள் வண்டியைப் பட்டறை வாசலில் நிறுத்தியதும், அவர் எழுந்து வந்து எஞ்சின் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டார். டாக்டரம்மா காரணத்தை விளக்கத் தொடங்கிப் பாதி வாக்கியத்தில் இருக்கும்போதே அவருக்கு விளங்கிவிட்டது.

"ஊதுகுழல்ல காத்து கூடிப்போச்சுன்னா சுடர் வெளுத்துப்போவும். பொன்னு உருகாது, பொன்ன வச்சிருக்க மூசைதான் வெடிக்கும். இதுக்கும் அதே சீக்குதான்."

"நீர் கூறுவது மிகவும் சரி" என்றார் டாக்டரம்மா.

ஆசாரி என் பக்கம் சாய்ந்து, "அம்மா பேசுததக் கேட்டா ஓலையில எழுதி வச்சத வாசிக்க மாரி இருக்கு" என்றார் மெதுவாக.

சீமை ஜெட்டை உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தவர், அதைத் துளைக்க மறுத்துவிட்டார். "இருக்கதே ஒண்ணு. தொளைச்சுக் கூடிப்போச்சுன்னா பெறவு அடைக்கவா முடியும்? இது அங்கன பத்திரமா இருக்கட்டும். நான் புதுசா ஒண்ணு பண்ணித் தாரேன். தோட்டுக்குத் திருகு வெட்டுத கைதான."

உள்ளேயிருந்து அவர் மனைவி, "ஊருக்கெல்லாம் மூக்குத்தி செஞ்சாச்சு, இனி மோட்டாருக்கும் ஒண்ணு செஞ்சு போடுங்க" என்றாள். அவள் எதையும் சிரிக்காமல்தான் சொல்வாள்.

துளையின் அளவை எப்படி முடிவுசெய்வது என்பதில் என் பங்கு வந்தது. தொட்டியை ஒரே உயரத்தில் நிறுத்தி, சீமை ஜெட் வழியாக ஒரு நிமிஷத்தில் வடியும் பெட்ரோலை என் அளவுக் கிளாசில் பிடித்தேன். இரண்டு அவுன்ஸ். மூன்று தடவை பிடித்தும் அதே அளவு. ஆசாரி புதிய ஜெட்டில் அதே அளவுக்குத் துளையிட்டு, பிறகு கம்பியில் எண்ணெயும் மெருகுப் பொடியும் தொட்டு இழுத்து இழுத்துப் பெரிதாக்கினார். ஒவ்வொரு இழுப்புக்கும் நான் ஒரு நிமிஷம் பிடித்துப் பார்ப்பேன். இரண்டு அவுன்ஸும் ஒரு டிராமும்; எட்டு டிராம் ஓர் அவுன்ஸ். வண்டியில் மாட்டி ஓட்டினோம், தும்மல் குறைந்தது. இரண்டு அவுன்ஸும் இரண்டு டிராமும். தும்மல் நின்றது, பிளக் முனை காய்ந்த தேங்காய் நாரின் நிறத்துக்கு வந்தது. "போதும், இனி இழுத்தா கரி தள்ளும்" என்று ஆசாரி கம்பியைக் கீழே வைத்துவிட்டார். கடைசி மெருகுக்காக ஜெட்டும் தாங்கியும் சனிக்கிழமை அவரிடமே இருந்தன. கூடவே கொஞ்சம் பெட்ரோலையும் ஒரு குப்பியில் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார். எதற்கென்று நான் கேட்கவில்லை.

திங்கட்கிழமை சோதனை ஓட்டம். ஆற்றுப்பாலத்தின் ஏற்றத்தில் நான் இறங்கவில்லை. டாக்டரம்மா பாலத்தின் மேல் வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடியும் ஓட்டினார். பாலத்துப் புழுதி வண்டி முழுக்க அப்பியிருந்தது. அதனால்தான் செவ்வாய் மாலை ஜெட்டைக் கழற்றினேன். யாரும் என்னைக் கழற்றச் சொல்லவில்லை. புதன்கிழமை போகும் எந்தக் கருவியும் ஸ்பிரிட்டில் கிடந்துதான் போக வேண்டும் என்பது என் வழக்கம். ஜெட்டும் புதன்கிழமை போகும் கருவிதான் என்று அதையும் சேர்த்தேன்.

புதன்கிழமை நடந்ததில் எட்டு வரிகளுக்குள் வராத ஒன்று உண்டு. மாட்டு வண்டிக்காரர் பேச்சுக்காரர். நான் ஆறாவது வரியில் சொன்ன சொல்லைக் கேட்டுக்கொண்டேதான் கயிறு கட்டினார். பேட்டைக் கடைத்தெருவில் வெடிவண்டி மாட்டின் பின்னால் வருவதைப் பார்த்து ஆள் ஆளாக, "என்ன வே ஆச்சு?" என்று கேட்டார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் அவர் நிதானமாகப் பதில் சொன்னார்.

"ஆசாரி அரக்க வச்சு அடைச்சுட்டாராம்லா. ஆஸ்பத்திரி அம்மாவே சொல்லுதாவ."

"பொன்னுலதான் வைப்பாவன்னு நெனச்சேன். மோட்டார்லயுமா வே?" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

கடைத்தெருவே சிரித்தது. அந்தக் கேலியின் கனம் நகைக்குப் பொன் கொடுத்து வைத்தவர்களுக்குத் தெரியும். உள்ளீடற்ற நகைகளை அமுங்காமல் இருக்க அரக்கு நிரப்பித்தான் செய்வார்கள். அதன் எடையைப் பொன்னின் எடையோடு சேர்த்துவிட்டார் என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும், அந்தப் பட்டறை வாசலில் பிறகு யாரும் வந்து நிற்க மாட்டார்கள். ஆசாரியிடம் கொடுக்கும் பொன்னுக்குச் சீட்டு கிடையாது. அவர் பெயர்தான் சீட்டு. அதனால் எந்த ஆசாரியும் அரக்கு என்ற சொல்லை வாடிக்கைக்காரர் முன்னால் தானாக எடுப்பதில்லை. இது எனக்குத் தெரிந்திருந்தும், நடுச்சாலையில் நான்தான் அந்தச் சொல்லோடு அவர் பட்டறையைச் சேர்த்தேன்.

ஆசாரி பட்டறை வாசலில் நின்றிருந்தார். வண்டிக்காரர் சொன்னதும், மற்றவர் சிரித்ததும் அவர் காதில் விழுந்தன. அவர் வண்டிக்காரரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். நான் மருந்துப் பெட்டியின் பூட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

வியாழக்கிழமை முழுவதும் அவர்மேல் எனக்குக் கோபம் இருந்தது. முக்கூடலில் காத்திருந்தவர்களில் பிள்ளை உண்டாகியிருந்த ஒருத்தி மூன்று மைல் நடந்து வந்து திரும்பியிருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். திருகு தளர்வாக அமைந்துவிட்டது, அதை ஒப்புக்கொள்ளாமல் அரக்கை வைத்து ஒட்டிக் கொடுத்துவிட்டார் என்று என் மனத்தில் ஒரு தீர்ப்பும் எழுதி முடித்திருந்தேன். டாக்டரம்மா தீர்ப்பு ஒன்றும் சொல்லவில்லை. "காரணம் இன்னும் அறியப்படவில்லை" என்று மட்டும் சொன்னார். அதை அவருடைய தமிழின் வழக்கமான விறைப்பு என்று எண்ணிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை நண்பகல், திறந்த மருந்துப் புட்டி ஒன்றை மறுபடியும் மூடி முத்திரை வைக்க வேண்டியிருந்தது. பழைய முத்திரை அரக்கு கழுத்தில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. எப்போதும் செய்வதுபோல, துணியை ஸ்பிரிட்டில் நனைத்து அதன் மேல் சுற்றி வைத்தேன். சற்று நேரத்தில் துணி சிவந்தது. விரலை வைத்தேன், பிசுபிசுத்தது.

கம்பவுண்டர் வேலைக்கு வந்த முதல் வாரத்திலிருந்தே அரக்கு ஸ்பிரிட்டில் கரையும் என்பது எனக்குத் தெரியும். தினமும் செய்கிற வேலை. புதன்கிழமை காலை தட்டிலிருந்த ஸ்பிரிட் இளந்தேநீர் நிறத்தில் இருந்ததும் அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. பழைய எண்ணெய் என்று நினைத்துக் கொட்டியிருந்தேன். அலமாரிக்குப் போய், ஒரு கிளாசில் ஸ்பிரிட்டும் இன்னொன்றில் பெட்ரோலும் ஊற்றி, இரண்டிலும் ஒரே அளவு அரக்குத் துணுக்குகளைப் போட்டேன். மணி இரண்டு அடிக்கும்போது ஸ்பிரிட் சிவந்திருந்தது. பெட்ரோல் தெளிவாக இருந்தது. துணுக்கு அடியில் கல்லாகக் கிடந்தது. சிவந்த ஸ்பிரிட்டில் நாலு துளி எடுத்து, வேறு கொஞ்சம் பெட்ரோலில் விட்டேன். கரைந்திருந்த அரக்கு திரண்டு பிசினாகக் கீழே இறங்கியது. சுத்தமல்லிச் சாலையில் ஜெட்டுக்குள் நடந்தது அதுதான். ஆசாரியின் அரக்கு பெட்ரோலுக்கு அசையாது. அதை அசைத்தது என் ஸ்பிரிட்.

அப்போதே போயிருக்கலாம். பேட்டைக்கு ஜட்கா கிடைக்கும் நேரம்தான். போகாததற்கு நான் எழுதிவைத்த காரணங்கள்: டாக்டரம்மா அறுவை அறையில் இருந்தார், மருந்து கொடுக்க வேறு ஆள் இல்லை, ஒரு நாளில் என்ன ஆகிவிடும். மூன்றும் உண்மை. எழுதாத காரணம் நாலாவது. பயிற்சி பெற்ற பெண் கம்பவுண்டர் தேவையா என்று ஆஸ்பத்திரிக் கமிட்டியில் சிலர் அப்போதும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஸ்பிரிட்டில் எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது என்று தெரியாத கம்பவுண்டர் என்று என்னைச் சொல்லிவிடுவார்கள் என்று பயந்தேன். பயம் என்று அன்று அதற்குப் பெயர் வைக்கவில்லை.

சனிக்கிழமை நோயாளிகளைப் பார்த்து முடித்ததும், இரண்டு கிளாசையும் டாக்டரம்மாவின் மேசைமேல் வைத்து விஷயத்தைச் சொன்னேன். அவர் கிளாஸ்களை வெளிச்சத்தில் உயர்த்திப் பார்த்தார். "சோதனை நன்று" என்றார். பிறகு, "அந்தச் சொல்லை நீ சாலையில் சொன்னாய். சாலையிலேயே போய்த் திருத்து. இன்றே" என்றார். கமிட்டியைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

ஸ்பிரிட் புட்டி, பெட்ரோல் புட்டி, இரண்டு கிளாஸ் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஜட்காவில் போனேன். பட்டறையில் ஆசாரி மட்டும் இருந்தார். எதிரே வேலை ஏதும் இல்லை. இடுக்கிகளைத் துடைத்து வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார். நான் புட்டிகளை எடுத்து உள்ளே வைக்கப் போனதும் நிமிர்ந்தார்.

"பெட்ரோல உலைக்குப் பக்கத்துல வைக்கியளே தாயி. படிச்சவியதான நீங்க?"

வெளியே எடுத்துவந்து, கிளாஸ்களில் ஊற்றி வாசல் பலகைமேல் வைத்தேன். அது வசதியாகவும் போயிற்று, தெருவே பார்க்கலாம். எதிர்க் கடைக்காரரும், எண்ணெய் வாங்க வந்த இரண்டு பெண்களும் நின்றார்கள். கடைத்தெருவில் சுமை இறக்கிக்கொண்டிருந்த அந்த மாட்டு வண்டிக்காரரை நானே போய்க் கூப்பிட்டுவந்தேன். ஆசாரியிடம் அவருடைய அரக்கையே கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு கட்டியை உடைத்துக் கொடுத்தார். இரண்டு கிளாசிலும் போட்டேன். எது பெட்ரோல், எது ஸ்பிரிட் என்று எல்லோருக்கும் சொன்னேன். வண்டிக்காரர் மூக்கை வைத்துப் பார்த்து, "நெசந்தான்" என்றார். அரை மணி நேரம் எல்லோரும் நின்றார்கள். ஸ்பிரிட் சிவந்தது.

"ஜெட்டை ஸ்பிரிட்டில் போட்டது நான். ஆசாரி செய்த வேலையில் குற்றமில்லை. புதன்கிழமை நான் சொன்னது தப்பு" என்றேன். இதைச் சொல்ல எத்தனை சொல் வேண்டும் என்று ஜட்காவில் வரும்போதே எண்ணி வைத்திருந்தேன்.

வண்டிக்காரர் தலையைச் சொறிந்தார். "அப்பம் நான் ஊரு பூராவும் சொன்னது?"

"திரும்பவும் ஊரு பூராவும் சொல்லும் வே. வாய் வலிக்கவா போவுது?" என்றார் எதிர்க் கடைக்காரர்.

"சொல்லுதேன், சொல்லுதேன். ஆனா அண்ணாச்சி, அது நல்லா இருந்துச்சு, எல்லாவனும் நின்னு கேட்டான். இத எவன் நின்னு கேப்பான்?"

ஆசாரி சிரிக்கவில்லை. சிவந்த கிளாசை எடுத்து ஆட்டிப் பார்த்தார். "திருகுல மயிரிழை சந்து இருந்துச்சு. அதுக்குத்தான் வச்சேன். ஒரு ராத்திரி முழுக்க பெட்ரோல்ல ஊறப்போட்டுப் பாத்துதான் குடுத்தேன். அசையல. நீங்க ஸ்பிரிட்டுல கழுவுவியன்னு நான் என்னத்தக் கண்டேன்?" குப்பியில் பெட்ரோல் வாங்கிவைத்தது இதற்குத்தான் என்று அப்போது தெரிந்தது. என்னைப் போலவே அவரும் சோதித்திருந்தார். அவர் அரக்கைச் சொல்லவில்லை, நான் ஸ்பிரிட்டைச் சொல்லவில்லை. அவரவர் வேலையில் அது சொல்ல வேண்டிய விஷயமே இல்லை.

பிறகு கேட்டார்: "எப்பத் தெரிஞ்சிது உங்களுக்கு?"

"நேற்று மத்தியானம்."

அவர் கிளாசைக் கீழே வைத்தார். அவர் மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். "தச்சநல்லூர்க்காரி இன்னைக்குக் காலையிலதான் வந்து பொன்ன வாங்கிட்டுப் போனா" என்றாள். எப்போதும்போல முகத்தில் ஒன்றுமில்லை.

"விடு" என்றார் ஆசாரி.

"விட்டாச்சு. அம்மாட்ட சொல்லுதேன், அவ்வளவுதான்."

தச்சநல்லூர் மளிகை வியாபாரி வீட்டு அம்மாள், மகள் கல்யாணத்துக்குச் செய்யக் கொடுத்திருந்த பொன் அது. அந்த வீட்டுக்கு மூன்று தலைமுறையாக இந்தப் பட்டறையில்தான் தாலி செய்வது. நான் அங்கிருந்து நேரே தச்சநல்லூர் போனேன். அந்த அம்மாள் என்னை உட்காரவைத்து, மோர் கொடுத்து, நான் சொன்னதை முழுக்கக் கேட்டாள். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்மா. எங்களுக்கு ஆசாரி மேல ஒண்ணுமில்ல. ஆனா பொன்ன வேற எடத்துல குடுத்தாச்சு, நல்ல நேரம் பாத்து உருக்கியும் ஆச்சு. கல்யாணப் பொன்னு, எடம் மாறினது மாறினதுதான்" என்றாள். நான் வெள்ளிக்கிழமை வந்திருந்தால் உருக்கியிருக்க மாட்டார்கள்.

திங்கட்கிழமை ஆசாரி ஆள் அனுப்பி என்னை வரச் சொன்னார். புதிய பித்தளைத் துண்டு ஒன்று இடுக்கியில் இருந்தது. நான் உட்காருவதற்கு முன்பே கேட்டார்: "இத எதுலல்லாம் கழுவுவிய, எதுலல்லாம் ஊறப்போடுவிய, ஒண்ணு விடாமச் சொல்லுங்க." ஸ்பிரிட், சோப்புத் தண்ணீர், வெந்நீர், மண்ணெண்ணெய் என்று சொன்னேன். நீங்கள் இதில் என்னென்ன வைப்பீர்கள் என்று நானும் கேட்டேன். ஒன்றும் வைப்பதில்லை என்றார். இரண்டு நாள் எடுத்துக்கொண்டு, இழை இடைவெளியும் விடாமல் திருகை வெட்டினார். இரண்டு அவுன்ஸும் இரண்டு டிராமும் முதல் தடவையிலேயே வந்தது. அந்தப் புதன்கிழமை முக்கூடல் போனோம். பேட்டையைக் கடக்கும்போது டாக்டரம்மா பட்டறை வாசலில் வேகத்தைக் குறைத்து, ஹாரனை ஒரு தடவை அடித்தார். அவர் அப்படிச் செய்து நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஆசாரி வெளியே வரவில்லை. உள்ளேயிருந்து சுத்தியல் சத்தம் கேட்டது.

இப்போது நான் தூத்துக்குடியில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறேன். இங்கே மோட்டார் சைக்கிள்கள் நாலைந்து ஓடுகின்றன. எண் பொறித்த ஜெட்டுகள் பெட்டியில் வரிசையாகப் பம்பாயிலிருந்து வருகின்றன. பெரிது வேண்டுமென்றால் அடுத்த எண்ணை எடுத்துக்கொள்ளலாம். போன மாதம் எங்கள் இளம் டாக்டர் தம் வண்டிக்கு அகலமான புகைக்குழாய் மாட்டிவிட்டு, பணம் செலவழித்தும் வண்டி தும்முகிறது, வலுவும் போய்விட்டது என்று அலுத்துக்கொண்டார். மூட்டில் கசிவைப் பாருங்கள், பிளக் வெளுத்திருக்கிறதா பாருங்கள், ஜெட்டை ஒரு எண் கூட்டுங்கள் என்றேன். அவர் சிரித்தார். மறுநாள் சிரிக்காமல் வந்து, இதெல்லாம் எங்கே படித்தீர்கள் என்று கேட்டார். பேட்டையில் என்றேன். அங்கே எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டார். சொல்ல ஆரம்பித்தால் வெள்ளிக்கிழமையையும் சொல்ல வேண்டும். அதனால் அன்று சொல்லாமல் விட்டு, இங்கே எழுதுகிறேன்.

விடுமுறைக்குப் பாளையங்கோட்டை போகும்போதெல்லாம் பட்டறைக்குப் போய்வருவேன். தராசும் குன்றிமணியும் பேசுவோம். அந்த வாரத்தைப் பேசியதில்லை. முதல் ஜெட்டை அவர்தான் எனக்குக் கொடுத்தார், தூத்துக்குடிக்கு மாற்றலாகிச் சொல்லிக்கொள்ளப் போன அன்று. ஒரு தாளில் மடித்து, நகை கொடுப்பதுபோல இரண்டு கையாலும் நீட்டினார். "அரக்க எல்லாம் சுரண்டி எடுத்தாச்சு" என்றார். இன்றுவரை அது கேலியா, உறுதிமொழியா என்று எனக்குத் தெரியாது.

இப்போதைய நிலை இது. டாக்டரம்மா சீமைக்குத் திரும்பிவிட்டார். வண்டியை அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஒருவர் வாங்கினார்; இரண்டாவது ஜெட் அதில் ஓடுகிறது. முக்கூடல் மருந்துவீட்டுக்கு இப்போது தனி டாக்டர் இருக்கிறார். ஆசாரிக்கு வேலை இருக்கிறது. தச்சநல்லூர் வீட்டில் இரண்டாவது மகளுக்கும் கல்யாணம் ஆயிற்று. தாலி வேறு பட்டறையில்தான் செய்தார்கள். முதல் ஜெட் என் மேசைமேல், குப்பியில், பஞ்சின் மேல் இருக்கிறது.